1951: சான் பிரான்சிஸ்கோ டான்ஸ் (Dons) கால்பந்து அணியின் கடைசி சீசன்

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவில் கால்பந்து என்றால் நாம் ஆடுகிற கால்பந்து இல்லை. பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு, மறிக்கிறவர்களை மோதித் தள்ளி, எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்ட வேண்டும்; அப்படித் தாண்டினால் அதற்கு டச்டவுன் என்று பெயர். கபடியில் பிடிகளை உதறிக்கொண்டு ஒருவன் நடுக்கோட்டுக்குத் திரும்பி வருவானே, அந்தத் துடிப்பை நூறு கெஜ நீள மைதானத்தில் நினைத்துப் பாருங்கள். அங்கே கல்லூரிகள் இதை ஆடும்போது ஊரே திரண்டு வரும். அப்படி ஒரு கல்லூரி அணி 1951-இல் ஆடிய சீசனைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகம் இயேசு சபைப் பாதிரியார்கள் நடத்துகிற கல்வி நிறுவனம். பெரிய அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு இருந்த பணமும் ஆள்பலமும் அதற்குக் கிடையாது. அதன் அணிக்கு டான்ஸ் என்று பெயர்; நடனம் என்ற பொருளில் அல்ல. பயிற்சியாளர் ஜோ குஹாரிச் கண்டிப்பானவர். சீசன் தொடங்கும் முன் பையன்களை வட கலிபோர்னியாவில் கார்னிங் என்ற ஊருக்குக் கூட்டிப்போய், கொளுத்துகிற வெயிலில் வாட்டி எடுத்தார்.

அணியில் யார் யார் இருந்தார்கள் என்று பாருங்கள். ஜீனோ மார்கெட்டி, பதின்ம வயதிலேயே ராணுவத்தில் சேர்ந்து ஐரோப்பாவில் ஜெர்மன் படைகளோடு சண்டையிட்டுத் திரும்பியவர். பாப் செயின்ட் கிளேர், ஆறடி ஒன்பது அங்குல உயரம். ஆலி மேட்சன், பர்ல் டோலர் இருவரும் கறுப்பின மாணவர்கள்; அதே நகரின் சிட்டி காலேஜில் ஒன்றாக ஆடிவிட்டு வந்தவர்கள். பத்திரிகைகளுக்குச் செய்தி அனுப்பும் வேலையைப் பார்த்த இளைஞர் பீட் ரோசெல், பின்னாளில் தொழில்முறைக் கால்பந்துக் கூட்டமைப்பான என்.எஃப்.எல்.லின் தலைமைப் பொறுப்புக்கே வந்தார். மார்கெட்டி, செயின்ட் கிளேர், மேட்சன் மூவருக்கும் அந்த விளையாட்டின் புகழரங்கில் இடம் கிடைத்தது. ஒரு சிறிய கல்லூரியில் இத்தனை பேர் ஒரே நேரத்தில் சேர்ந்திருந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

மேட்சனைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும். அக்டோபரில் நியூயார்க் போய் ஃபோர்டம் பல்கலைக்கழகத்தோடு ஆடினார்கள். எதிரணி உதைத்து அனுப்பிய பந்தைத் தன் பக்கத்து எல்லைக்கு அருகே பிடித்து, ஏறத்தாழ மைதானம் முழுவதையும் ஓடிக் கடந்து டச்டவுன் போட்டார் மேட்சன். ஒரு தடவை அல்ல, அதே ஆட்டத்தில் இரண்டு தடவை. 32-26 என்று டான்ஸ் வென்றது. அந்த ஆண்டு ஒன்பது ஆட்டங்களில் மேட்சன் பந்தோடு ஓடிய தூரம் 1,566 கெஜம். நாட்டிலேயே அதுதான் அதிகம். டச்டவுன் 21. தாக்குதலில் ஆடிய அதே மனிதர் தடுப்பாட்டத்திலும் நின்றார்.

அந்த அக்டோபரில் வேறொன்றும் நடந்தது. டிரேக் பல்கலைக்கழகத்தின் கறுப்பின வீரர் ஜானி பிரைட்டை ஓக்லஹோமாவில் ஓர் எதிரணி வீரர், கையில் பந்து இல்லாதபோது, முகத்தில் தாக்கினார். பிரைட்டின் தாடை உடைந்தது. அதைப் படிப்படியாகக் காட்டிய பத்திரிகைப் படங்களுக்கு அடுத்த ஆண்டு புலிட்சர் பரிசு கிடைத்தது. மேட்சனும் டோலரும் எந்த நாட்டில், எந்தக் காலத்தில் ஆடினார்கள் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

நவம்பரில் பலமான பசிபிக் கல்லூரி அணியை 47-14 என்று நொறுக்கினார்கள். பசடேனாவின் ரோஸ் பவுல் மைதானத்தில் லயோலாவை 20-2 என்று வென்று சீசனை முடித்தார்கள். ஒன்பது ஆட்டம், ஒன்பது வெற்றி.

சரி, அப்புறம்? சீசன் முடிந்ததும் சிறந்த அணிகளைப் புத்தாண்டையொட்டி நடக்கும் பவுல் போட்டிகளுக்கு அழைப்பார்கள். கௌரவமும் கிடைக்கும், பணமும் கிடைக்கும். கல்லூரியின் கால்பந்து நஷ்டத்தில் ஓடிக்கொண்டிருந்ததால் அந்தப் பணம் உயிர்நாடி. பெரிய பவுல் போட்டிகளில் பல, நிறவெறி கோலோச்சிய தென் மாநிலங்களில் நடந்தன. மயாமியில் நடக்கும் ஆரஞ்சு பவுலின் பெயர்தான் இந்தக் கதையில் அதிகம் அடிபடுகிறது. மேட்சனையும் டோலரையும் விட்டுவிட்டு வருவதானால் வரலாம் என்ற தகவல் அணிக்கு வந்தது. மாட்டோம் என்றார்கள். அதற்கு யோசிக்க நேரமே தேவைப்படவில்லை என்றுதான் அணியினர் பிற்காலத்தில் சொன்னார்கள்.

டான்ஸ் மோதிய அணிகள் அவ்வளவு பலமானவை அல்ல, அதனால்தான் அழைக்கவில்லை என்று சொன்னவர்களும் உண்டு. நான் அதை ஏற்கமாட்டேன். அந்த அணியிலிருந்து ஒன்பது பேரை என்.எஃப்.எல். கிளப்புகள் தேர்ந்தெடுத்தன. பலம் பார்த்து அழைப்பதாக இருந்தால், அந்தப் பலம் எல்லார் கண்ணெதிரிலும் இருந்தது.

அந்த சீசனோடு கல்லூரி தன் கால்பந்து அணியையே கலைத்துவிட்டது. குஹாரிச் சிகாகோ கார்டினல்ஸ் அணிக்குப் போனார். மேட்சனும் அங்கேயே போனார். அதற்கு முன் 1952-இல் ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் 400 மீட்டர் ஓட்டத்தில் வெண்கலமும், தொடர் ஓட்டத்தில் வெள்ளியும் வாங்கினார்.

டோலருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அதே 1952-இல் கல்லூரி நட்சத்திரங்களுக்கான ஆட்டத்தில் முழங்கால் போய்விட்டது. தொழில்முறை ஆட்டம் ஒன்றுகூட ஆடாமலே அந்தக் கனவு முடிந்தது. ஆசிரியரானார், சான் பிரான்சிஸ்கோவில் பள்ளி முதல்வரானார். 1965-இல் என்.எஃப்.எல்.லின் முதல் கறுப்பின நடுவராகக் களத்தில் இறங்கினார். 1980-இல் சூப்பர் பவுல் இறுதி ஆட்டத்திலும் அவர் நடுவர் குழுவில் இருந்தார். நடந்த இடம் அதே ரோஸ் பவுல் மைதானம். 2009-இல் காலமானார்.

பல்கலைக்கழக வளாகத்தில் ஃபீலன் என்ற பெயரில் ஒரு மாணவர் விடுதி இருந்தது. கலிபோர்னியாவை வெள்ளையர் பூமியாகவே வைத்திருப்போம் என்று முழங்கித் தேர்தலில் நின்ற அரசியல்வாதியின் பெயர் அது. அதை மாற்றியே தீர வேண்டும் என்று மாணவர்கள் கேட்டார்கள். 2017-இல் அந்த விடுதிக்குப் பர்ல் டோலரின் பெயரை வைத்தார்கள்.

நன்றி, வணக்கம்.