கை காயும் நேரம்

நேயர்களுக்கு வணக்கம். வார்டிலும் ஐசியூவிலும் வேலை பார்க்கும் நர்ஸ்கள், டாக்டர்கள், டெக்னீஷியன்கள், துப்புரவுப் பணியாளர்கள் எல்லோரிடமும் இன்று பேச வந்திருக்கிறேன்.

மைண்ட்ஃபுல்னெஸ், அதாவது இந்தக் கணத்தில் நடப்பதில் கவனத்தை நிறுத்துவது, என்றாலே பலருக்கும் நினைவுக்கு வருவது எட்டு வாரப் பயிற்சி. 1979-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ஜான் கபாட்-ஜின் தொடங்கியது. வாரம் ஒரு வகுப்பு, இரண்டரை மணி நேரம். வீட்டில் தினமும் 45 நிமிடம். நல்ல பயிற்சிதான். ஆனால் நைட் டூட்டி முடித்து, பஸ் பிடித்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுப் படுக்கிறவருக்கு அந்த முக்கால் மணி நேரம் இன்னொரு டூட்டி. அதனால் புதிதாக நேரம் தேட வேண்டாம்.

கை சுத்தம் செய்யும் நேரம் இருக்கிறதே, அது போதும். ஹேண்ட் ரப் (கையில் தேய்க்கும் ஆல்கஹால் கிருமிநாசினி) என்றால் 20 முதல் 30 விநாடி, சோப்பும் தண்ணீரும் என்றால் 40 முதல் 60 விநாடி என்கிறது உலக சுகாதார நிறுவனம். எப்படியும் நின்றாக வேண்டிய நேரம் அது.

உள்ளங்கையில் ஹேண்ட் ரப் விழும்போது அந்தச் சில்லிப்பைக் கவனியுங்கள். பாதம் இரண்டும் தரையில் பதிந்திருப்பதை உணருங்கள். உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, கட்டைவிரல், நகநுனி என்று தேய்த்துக்கொண்டு போகையில் கவனமும் கூடவே போகட்டும். தோளை இறக்கி, மூச்சை நிதானமாக வெளியே விடுங்கள். ஈரம் காய்ந்ததும் அடுத்த பெட்டில் இருப்பவரின் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு நடங்கள். போன பெட்டில் வாங்கிய ஏச்சு உங்களோடு நடந்து வராமலிருக்க இது உதவும்.

முதல் நாள் கவனம் மூன்று விநாடிகூட நிற்காது. தீரப்போகும் டிரிப், எழுதாத கேஸ் ஷீட் என்று மனசு ஓடும். ஓடினதைத் தெரிந்துகொண்டு விரலுக்குத் திரும்புவதுதான் பயிற்சியே. மனசைக் காலி செய்யப் பார்த்தால் எரிச்சல்தான் மிஞ்சும். வேகவேகமாக ஆழ்ந்த மூச்சு இழுக்காதீர்கள். இரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்து தலை சுற்றும், விரல் மரத்துப்போகும். மருந்தின் டோஸ் கணக்கிடும்போது இந்தப் பயிற்சியே வேண்டாம், அப்போது கண்ணும் கருத்தும் மருந்துச் சீட்டில் இருக்கட்டும். கண்ணை மூடினாலே இறந்துபோன நோயாளியின் முகம் வருகிறவர்கள் கண்ணைத் திறந்தே செய்யுங்கள். அப்போதும் அந்த நினைவு துரத்தினால் பயிற்சியை நிறுத்திவிட்டு மனநல மருத்துவரைப் பாருங்கள்.

வார்டில் ஒரு மரணம் நடந்தால் இருபது விநாடி போதாது. அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஜொனாதன் பார்ட்டல்ஸ் என்ற நர்ஸ் ஒரு பழக்கத்தைக் கொண்டுவந்தார். உயிர் பிரிந்ததும் குழு முழுவதும் அந்தக் கட்டிலருகே சிறிது நேரம் பேசாமல் நிற்கிறது. இறந்தவருக்கும், போராடிய கைகளுக்கும் அந்த மௌனம். நம் வார்டுகளிலும் டாக்டரோ சீனியர் சிஸ்டரோ, "ஒரு நிமிஷம் நிற்போம்" என்று சொன்னால் போதும்.

மருத்துவமனை நிர்வாகிகளுக்கும் ஒரு வார்த்தை. 2019-இல் உலக சுகாதார நிறுவனம் பணிச்சோர்வை விளக்கியபோது, சரியாகக் கையாளப்படாத நாள்பட்ட பணியிட அழுத்தத்தால் வருவது என்றுதான் சொன்னது. ஒரே நர்ஸ் இரண்டு பேர் வேலையைப் பார்க்கும் வார்டில் ஆள் போடுங்கள், சாப்பிட அரை மணி நேரம் விடுங்கள். மூச்சுப் பயிற்சி வகுப்பு அதற்கு ஈடாகாது.

தூக்கமே வராமல், வேலைக்குக் கிளம்பும்போதே அழுகை முட்டினால் தள்ளிப்போடாதீர்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மனஸின் இலவச எண் 14416. இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.