அறையையே கேமராவாக்கலாம்

அன்பான நேயர்களுக்கு வணக்கம்.

வெப்ப அலை எச்சரிக்கை வந்துவிட்டால் புகைப்படக்காரர்கள் பாடு கொஞ்சம் பரிதாபம்தான். காலை பத்து மணிக்கே வெளியே தலைகாட்ட முடியவில்லை. கேமரா பை மூலையில் கிடக்கிறது, கையில் போன் இருக்கிறது. எப்போதோ ஒரு லென்ஸைப் பற்றித் தேடியிருப்போம். போன் அதை மறக்காமல் வைத்திருந்து, அந்த லென்ஸின் விமர்சன வீடியோக்களை வரிசையாக எடுத்துப் போடும். ஒருவர் செங்கல் சுவரைப் படமெடுத்து, அதன் ஓரத்தைப் பெரிதாக்கிக் காட்டுவார். நமக்குச் செங்கல் சுவரைப் படமெடுக்கும் உத்தேசமே கிடையாது. இருந்தாலும், ‘அடடா, என் லென்ஸில் ஓரம் இவ்வளவு துல்லியமாக இல்லையே’ என்று ஒரு குறை வந்து உட்கார்ந்துகொள்ளும். காலையில் எழுந்தபோது இல்லாத குறை அது.

ஏற்கெனவே எதையோ கூடையில் போட்டுவிட்டு, பணம் கட்டும் பொத்தானை அழுத்தலாமா வேண்டாமா என்று யோசித்தபடி இந்த உரையைக் கேட்பவர்களும் இருக்கலாம். அவர்களிடம் கொஞ்சம் கணக்குப் பேசுகிறேன். உங்களிடம் இருப்பது 24 மெகாபிக்சல் கேமரா, கண்ணைப் பறிப்பது 45 மெகாபிக்சல் என்று வைத்துக்கொள்வோம். கேட்க இரட்டிப்பு போல இருக்கிறது. ஆனால் படத்தின் அகலம் 6000 பிக்சலிலிருந்து சுமார் 8200க்குப் போகிறது, அவ்வளவுதான். அந்தப் படத்தைப் பார்க்கப்போகும் 4கே திரையின் அகலமோ 3840. பழைய கேமராவே திரையை நிரப்பிவிட்டு மிச்சமும் வைத்திருக்கிறது. லென்ஸிலும் இதே கதைதான். எஃப் என்பது லென்ஸின் திறப்பைச் சொல்லும் எண்; எண் சிறிதானால் திறப்பு பெரிது. எஃப் 1.8 லென்ஸுக்குப் பதில் எஃப் 1.4 வாங்கினால் மூன்றில் இரண்டு பங்கு ஸ்டாப் வெளிச்சம் கூடும் (முழு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு). ஒளியைப் பதியும் சென்சாரின் உணர்திறனைச் சொல்லும் ஐஎஸ்ஓவை 1600 வைக்க வேண்டிய இடத்தில் 1000 வைக்கலாம். இன்றைய சென்சார்களில் இந்த வித்தியாசத்தை இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். பின்னணி இன்னும் கொஞ்சம் மங்கும், அது உண்மை. கழுத்தில் எடை ஏறும், அதுவும் உண்மை.

வெயில் காலத்தில் அதிகம் ஆசை காட்டுவது நீளமான டெலி லென்ஸ். நியாயம் போலத்தான் தெரியும்: வீட்டுக்குள் இருந்தபடியே தூரத்தில் இருப்பதை இழுத்துப் பிடித்துவிடலாமே! ஆனால் வெப்ப அலையில் மிகக் குறைவாக உதவுகிற லென்ஸ் அதுதான். தரையும் கூரையும் சூடேறியதும் அவற்றை ஒட்டிய காற்று கொதித்து மேலே எழுகிறது. சூடான காற்று ஒளியை ஒரு அளவில் வளைக்கும், அதைவிடக் குளிர்ந்த காற்று இன்னொரு அளவில் வளைக்கும். தார்ச்சாலையில் கானல் நீர் தெரிவதும் இதனால்தான். தூரத்துக் காட்சியை இழுக்கும் லென்ஸ், நடுவில் இருக்கும் காற்றின் நெளிவையும் சேர்த்தே இழுத்துப் பெரிதாக்குகிறது. 600 மில்லிமீட்டர் டெலி லென்ஸில் எடுத்த தூரத்துப் பறவையின் இறகு, தண்ணீருக்கடியில் கிடப்பது போலக் குழம்பித் தெரியும். ஷட்டர் வேகத்தை ஏற்றினாலும் பயனில்லை, நெளிந்த நிலையிலேயே படம் உறையும். ஆட்டோஃபோகஸ் முன்னும் பின்னும் அலையும். இதைப் பார்த்துவிட்டு லென்ஸில்தான் கோளாறு என்று நினைப்பவர்களும் உண்டு. குளிரூட்டிய அறையின் ஜன்னலைத் திறந்து வைத்து எடுத்தால் இன்னும் மோசம். உள்ளே இருக்கும் குளிரும் வெளியே இருக்கும் சூடும் லென்ஸின் முகத்துக்கு நேராகவே கலக்கின்றன. அதிகாலையில் நெளிவு குறைவு, பக்கத்தில் போய் எடுத்தால் இன்னும் குறைவு. காசு கொடுத்து வாங்கக்கூடிய தீர்வு இதற்கு இல்லை.

சரி, அறைக்குள் அடைபட்டுக் கிடந்தால் எதைத்தான் எடுப்பது?

இந்தக் கலையின் மிகப் பழைய படங்களே அறைக்குள்ளிருந்து எடுத்தவைதான். கேமராவில் எடுத்து இன்றுவரை மிஞ்சியிருக்கும் மிகப் பழைய படம், பிரான்சில் நீசெஃபோர் நியெப்ஸ் 1826 அல்லது 1827இல் தன் வீட்டு மாடி ஜன்னலிலிருந்து எடுத்தது. வெளிச்சம் பதிய பல மணி நேரம் பிடித்திருக்கிறது. அதற்குள் சூரியன் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போய்விட்டதால், கட்டடங்களின் இரண்டு பக்கமும் வெயில் விழுந்திருக்கும். இங்கிலாந்தில் ஹென்றி ஃபாக்ஸ் டால்போட் 1835 ஆகஸ்டில் எடுத்த நெகட்டிவ்தான் மிஞ்சியிருப்பவற்றில் மிகப் பழையது. அதில் இருப்பதும் அவர் வீட்டு ஜன்னல்தான். படம் கிட்டத்தட்ட ஒரு தபால்தலை அளவு. புதிதாக எடுத்தபோது, ஜன்னலில் இருந்த சுமார் 200 கண்ணாடிச் சதுரங்களையும் உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்து எண்ண முடிந்தது என்று அவர் கையாலேயே குறித்து வைத்திருக்கிறார். மெகாபிக்சல் பெருமை அன்றே ஆரம்பித்துவிட்டது!

முதல் உலகப் போரில் வலக்கையை இழந்த செக் புகைப்படக்காரர் யோசெஃப் சூடெக், பிராக் நகரில் தன் ஸ்டூடியோ ஜன்னலை 1940 முதல் 1954 வரை திரும்பத் திரும்ப எடுத்தார். ஆவி படிந்த கண்ணாடி, வழிந்திறங்கும் நீர்த்துளி, முற்றத்தில் கோணிக்கொண்டு நிற்கும் ஒரு மரம். இவ்வளவுதான் அதில் இருப்பவை. ஒற்றைக் கையால் பெரிய, கனத்த கேமராக்களைச் சமாளித்தார் என்பதை இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நீங்களும் பல வருடம் ஒரே ஜன்னலை எடுங்கள் என்று சொல்ல வரவில்லை. வெப்ப அலைக்கென்றே பொருத்தமான ஒரு வேலை இருக்கிறது. வெளியே கொளுத்துகிற வெயில்தான் அதற்கு மூலதனம். பள்ளியில் ஊசித்துளைக் கேமரா செய்திருப்போம் அல்லவா? அதையே அறை அளவுக்குச் செய்வது.

ஒரு ஜன்னலை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் மூடிவிடுங்கள். அந்த ஒன்றையும் கறுப்பு அட்டையோ கனத்த கறுப்புப் பிளாஸ்டிக்கோ வைத்து, ஓரமெல்லாம் டேப் ஒட்டி அடையுங்கள். நடுவில் ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்கு வட்டமாக ஒரு துளை போடுங்கள். ஜன்னலுக்கு வெளியே தெரியும் காட்சியின் மேல் வெயில் நேராக விழ வேண்டும். அதாவது, சூரியன் வீட்டின் பின்பக்கம் இருக்கும் நேரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். எதிர்ச்சுவர் வெள்ளையாக இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டிவிடலாம்.

உள்ளே போய்க் கதவைச் சாத்தியதும் ஒன்றும் தெரியாது. அவசரப்பட்டு விளக்கைப் போட்டுவிடாதீர்கள். கண் இருட்டுக்குப் பழகப் பத்து நிமிடமாவது வேண்டும். முதலில் சுவரின் கீழ்ப்பாதி மட்டும் கொஞ்சம் வெளிறித் தெரியும். அதுதான் வானம். படம் தலைகீழாக விழுவதால் வானம் தரையோரம் இருக்கும். அப்புறம் எதிர்க் கட்டடத்தின் விளிம்பு, குறுக்கே ஓடும் கம்பிகள், ஒரு மரம் என்று ஒவ்வொன்றாக வரும். காற்றடித்தால் சுவரில் மரம் ஆடும். நிறமும் இருக்கும். கறுப்பு வெள்ளையாகத்தான் விழும் என்று நினைத்து உள்ளே வருகிறவர்கள் முதலில் அதைப் பார்த்துத்தான் வாய்பிளப்பார்கள்.

இனி கேமராவை முக்காலியில் நிறுத்தி, துளையை மறைக்காமல் ஜன்னல் பக்கமிருந்து சுவரைப் பாருங்கள். துளையிலிருந்து சுவர் மூன்று மீட்டர் தூரம் என்றால், அதைத் துளையின் ஒரு சென்டிமீட்டரால் வகுக்க 300 வரும்; இப்போது உங்கள் அறை எஃப் 300இல் வைத்த ஒரு கேமரா. வெளிச்சம் எவ்வளவு குறைவு என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். உங்கள் கேமராவில் ஐஎஸ்ஓ 800, எஃப் 4, 30 வினாடி என்று தொடங்குங்கள். வந்த படத்தைப் பார்த்துக் கூட்டியோ குறைத்தோ கொள்ளலாம். இருட்டில் ஆட்டோஃபோகஸ் பிடிக்காது. விளக்கைப் போட்டுச் சுவரில் ஃபோகஸ் செய்து, மேனுவலுக்கு மாற்றிவிட்டு, பிறகு விளக்கை அணையுங்கள். துளை சிறிதானால் படம் கூர்மையாகும், ஆனால் அகலம் பாதியானால் நேரம் நான்கு மடங்காகும். மூன்று மீட்டருக்கு இரண்டரை மில்லிமீட்டர் வரை இறங்கலாம். அதற்கும் கீழே போனால் ஒளி துளையின் விளிம்பில் சிதறி, கிடைத்த கூர்மையும் போய்விடும். எடுத்த படத்தைத் திருப்பி நேராக்கினாலும் பெயர்ப்பலகை எழுத்துகள் இடவலம் மாறியே இருக்கும். மென்பொருளில் ஒரு முறை புரட்டிவிட்டால் சரியாகிவிடும். நான் புரட்ட மாட்டேன், அது அந்தச் சுவரில் விழுந்தபடியே இருக்கட்டும் என்பது என் கட்சி.

கியூபாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய அபெலார்டோ மொரெல் 1991 முதல் இப்படி அறைகளை இருட்டாக்கிப் படமெடுத்து வருகிறார். கட்டிலும் நாற்காலியும் அதனதன் இடத்தில் இருக்க, அவற்றின் மேல் ஒரு நகரமே தலைகீழாகப் படிந்திருக்கும். ஃபிலிமில் எடுத்த காலத்தில் ஒரு படத்துக்கு மணிக்கணக்கில் ஷட்டரைத் திறந்து வைக்க வேண்டியிருந்தது. நமக்கு அரை நிமிடத்தில் தெரிந்துவிடுகிறது. ஜன்னலை மூடுவதால் வெயில் உள்ளே வராது என்பது கூடுதல் லாபம். புழுக்கம் தாங்கவில்லை என்றால் இடையிடையே வெளியே வந்துவிடுங்கள். படத்துக்காக யாரும் மயங்கி விழ வேண்டாம்.

இவ்வளவுக்குப் பிறகும் அந்த லென்ஸ் வேண்டும் என்றால் வாங்குங்கள், பாவம் ஒன்றும் இல்லை. அதற்கு முன் உங்கள் பழைய படங்களோடு பதிவாகியிருக்கும் விவரங்களைப் புரட்டுங்கள். எந்தக் குவியத்தூரத்தில் (லென்ஸ் காட்சியை எவ்வளவு இழுக்கிறது என்று சொல்லும் மில்லிமீட்டர் எண்) எடுத்தீர்கள் என்று ஒவ்வொரு படத்திலும் இருக்கும். 18-55 லென்ஸில் பிடித்த படங்களில் முக்கால்வாசி 55இலேயே எடுத்து, அப்புறமும் ஓரங்களை வெட்டியிருந்தால், நீள லென்ஸுக்கு அதுவே சாட்சி. 18இலேயே நின்றிருந்தால் அகல லென்ஸ். எங்கும் நிற்காமல் பரவிக் கிடந்தால் கூடையைக் காலி செய்யலாம். பழைய லென்ஸ் வாங்குகிறவர்கள் பின்பக்கம் டார்ச் அடித்து முன்பக்கமாகப் பாருங்கள். கண்ணாடிக்குள் மெல்லிய நூல்நூலாகக் கிளைவிட்டுத் தெரிந்தால் பூஞ்சை, விட்டுவிடுங்கள்.

இருக்கும் கேமராவைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெரும்பாலான கேமராக்களின் கையேட்டில் 0 முதல் 40 டிகிரி செல்சியஸ் வரை என்று போட்டிருக்கும். வெயிலில் நிறுத்திய, கண்ணாடி ஏற்றிய கார் அதைச் சீக்கிரமே தாண்டிவிடும். லித்தியம் பேட்டரிக்கு அது ஆகாது. அதனால் கேமரா பையைக் காரில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். குளிரூட்டிய அறையிலிருந்து கேமராவை நேராக ஈரக்காற்றுக்குக் கொண்டுபோனால் லென்ஸ் முழுக்க ஆவி படியும். துடைக்கத் துடைக்க மறுபடி படியும். அந்த நேரத்தில் லென்ஸைக் கழற்றினால் ஈரம் சென்சார் வரை போகும். நாளை அதிகாலை வெயிலுக்கு முன்னால் கிளம்ப நினைப்பவர்கள், இன்று இரவே கேமராவைப் பையில் வைத்து மூடி, குளிரூட்டாத அறையில் வைத்துவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.