எழுதிக்கொண்டு மட்டும் போகாதீர்கள்: வடசென்னையில் என் ஃபீல்டு வொர்க்

வணக்கம் மக்களே. தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்று பேசுகிறேன். நடுவில் கண்டெய்னர் லாரி ஹாரன் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். காலை ஆறு மணி, இதைவிட அமைதியான நேரம் எங்கள் தெருவில் கிடைக்காது.

எம்.எஸ்.டபிள்யூ., அதாவது சமூகப் பணி முதுகலைப் படிப்பில், முதல் வருஷம் சேர்ந்திருக்கிற தம்பி தங்கைகள் நிறைய பேர் ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள். "அக்கா, ஃபீல்டு வொர்க்குக்கு, களப்பயிற்சிக்கு, கார்ப்பரேஷன் ஹெல்த் சென்டர் போட்டிருக்காங்க. அங்க நமக்கு என்ன வேலை இருக்கப்போகுது? வேற இடம் மாத்திக் கேட்கலாமா?" மாற்றாதீர்கள், போங்கள். ஆனால் போய் என்ன செய்யக் கூடாது என்பதைத் தெரிந்துகொண்டு போங்கள்.

நான் வாரத்துக்கு இரண்டு நாள் வீதம் ஒரு கல்வியாண்டு முழுவதும் வடசென்னையில் ஒரு நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருந்தேன். எந்த ஏரியா என்று சொல்ல மாட்டேன். அங்கே வருகிறவர்கள் நோயாளிகள், அவர்களுடைய விவரம் என்னுடையது இல்லை. இப்போது சொல்லப்போகிற ஆட்களின் அடையாளத்தையும் மாற்றித்தான் சொல்கிறேன். உள்ளே ஒருநாள்கூட கேமராவை எடுத்ததில்லை, நீங்களும் எடுக்காதீர்கள்.

அனுமதி விஷயத்தைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். துறைத்தலைவர் கையெழுத்துப் போட்ட கடிதம் வேண்டும். ஹெல்த் சென்டர் என்றால் மாநகராட்சியின் சுகாதாரத் துறை, ரிப்பன் மாளிகையில் கேளுங்கள். குழந்தைகள் பாதுகாப்பு, சமூக நலம் மாதிரி மாவட்ட நிர்வாகத்தின் கீழ் வருகிறவை என்றால் ராஜாஜி சாலையில் சிங்காரவேலர் மாளிகையில் விசாரியுங்கள். கடிதத்தை இரண்டு நகல் எடுத்து, ஒன்றில் சீல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பெண்களுக்கு சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் 2021 மே மாதத்திலிருந்து டிக்கெட் இல்லை. பையன்களுக்கு அந்தச் செலவும் கைக்காசுதான். மதியம் அம்மா உணவகத்தில் 5 ரூபாய்க்குச் சாம்பார் சாதம், 3 ரூபாய்க்குத் தயிர் சாதம். நான் பல நாள் அதைத்தான் சாப்பிட்டேன், நன்றாகவே இருக்கும்.

சரி, வேலைக்கு வருவோம். முதல் மாதம் என்னை ஓ.பி. சீட்டு எழுதுகிற இடத்தில் உட்கார வைத்துவிட்டார்கள். கல்லூரியிலிருந்தும் யாரும் வந்து பார்க்கவில்லை. வருகைப் பதிவில் கையெழுத்து இருந்தால் போதும் என்று நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. எனக்கு அழுகையே வந்தது. அப்புறம் ஒருநாள் நகர சுகாதார செவிலியரிடம், நாங்கள் 'சிஸ்டர்' என்றுதான் கூப்பிடுவோம், "ஏரியாவுக்குப் போகும்போது நானும் வரட்டுமா சிஸ்டர்?" என்று கேட்டேன். "வெயில் தாங்குவியா? அப்ப வா" என்றார்.

முதல் வீட்டிலேயே தப்புப் பண்ணினேன். வரிசை வீடுகள், பொதுக் குழாயடியில் நாலைந்து பெண்கள் நிற்கிறார்கள். நான் வாசலில் நின்று கையில் இருந்த பட்டியலைப் பார்த்து, "டி.பி. மாத்திரை சாப்பிடறவங்க வீடு இதுதானே?" என்று கேட்டுவிட்டேன். சிஸ்டர் என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினார். குழாயடியில் பேச்சு நின்றது. உள்ளே இருந்த அந்த அம்மா வெளியில் வரவே இல்லை. அதற்கப்புறம் மூன்று தடவை போயும் அவர் எங்களிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. "ஹெல்த் சென்டர்லேர்ந்து வர்றோம், சும்மா பார்த்துட்டுப் போலாம்னு" என்று மட்டும் சொல்லவேண்டும், மற்றதெல்லாம் உள்ளே உட்கார்ந்த பிறகுதான் என்பதை நான் அந்த அம்மாவுடைய செலவில் கற்றுக்கொண்டேன். அது இன்னும் எனக்கு உறுத்துகிறது.

இன்னொரு வீட்டில் ஒரு பாட்டி என் நோட்டைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இன்னாம்மா, நீயும் எழுதிக்கினு போவத்தான் வந்தியா? போன வருஷமும் ரெண்டு பொண்ணுங்க வந்து எழுதிக்கினு போச்சுங்க. ஒண்ணும் ஆவல." அந்த வீட்டுக்கு எங்கள் மாதிரி மாணவர்கள் வருஷா வருஷம் போகிறோம். எத்தனை பேர், என்ன வருமானம், கழிப்பறை உண்டா என்று கேட்டு எழுதுகிறோம். ஸ்பைரல் போட்டு கல்லூரியில் கொடுக்கிறோம், மார்க் வருகிறது. பாட்டிக்கு என்ன வந்தது?

அன்றைக்கு ஒரு முடிவு எடுத்தேன். புதுசாக நூறு வீட்டைக் கணக்கெடுப்பதைவிட, ஏற்கெனவே பட்டியலில் இருக்கிற சிலருடைய ஒரு வேலையாவது முடிகிறவரை கூடப் போவது. சிஸ்டரும் சரி என்றார்.

அதில் ஒருவர் லோடுமேன் அண்ணன். ஆறு மாத டி.பி. மருந்தில் பத்தாவது நாளே நிறுத்திவிட்டார். பதிவேட்டில் சிவப்பு மையில் ஒரு சுழி மட்டும் இருந்தது. ஏன் நிறுத்தினார் என்று கேட்டால் "வேலை இருக்கும்மா, மறந்துடுது" என்பார். மூன்றாவது தடவை போனபோது வீட்டில் வேறு யாரும் இல்லை. அப்போதுதான் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "சிறுநீர் ரத்தம் மாதிரி போவுதும்மா. மாத்திரை உள்ளுக்குள்ள எதையோ அறுக்குது."

அது ரத்தம் இல்லை. ரிஃபாம்பிசின் என்கிற மருந்து சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்கும், அதனால் ஆபத்து ஒன்றும் கிடையாது. நான் மருத்துவர் இல்லை, அதனால் நான் விளக்கவில்லை. சிஸ்டருக்குப் போன் போட்டுக் கொடுத்தேன், அவர் சொன்னார், மறுநாள் டாக்டரும் பார்த்துச் சொன்னார். மாத்திரை கொடுத்த அன்றே யாராவது சொல்லியிருக்கலாம். அந்தக் கூட்டத்தில் அண்ணன் காதில் விழாமலும் போயிருக்கலாம். ஒரு நிறம், அதைச் சொல்ல வெட்கம், அவ்வளவுதான் காரணம். பதிவேட்டில் அதற்கு ஒரு கட்டமே கிடையாது.

இந்த இடத்தில் நம் ஊருக்கே பெருமையான ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் டி.பி., அதாவது காசநோய், என்றாலே சானடோரியம் என்கிற தனி மருத்துவமனையில் மாதக்கணக்கில் படுக்க வேண்டும். 1956-இல் சென்னையில் ஒரு ஆய்வு தொடங்கினார்கள். இன்று சேத்துப்பட்டில் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருக்கிறதே, அதன் ஆரம்பம் அதுதான். நெருக்கமான ஏழை வீடுகளில் இருந்துகொண்டே மருந்து சாப்பிட்டவர்களும், நல்ல சாப்பாடும் ஓய்வுமாகச் சானடோரியத்தில் இருந்தவர்களும் ஏறக்குறைய ஒரே மாதிரி குணமானார்கள். கூட இருந்த குடும்பத்தாருக்கும் அதனால் கூடுதல் ஆபத்து வரவில்லை. 1959-இல் வெளிவந்த அந்த முடிவு உலகம் முழுக்கச் சிகிச்சையை மாற்றியது. ஆனால் வீட்டில் சிகிச்சை என்றால் மருந்து விடாமல் போக வேண்டும், அதை யாராவது வீட்டுக்கு நடந்து போய்ப் பார்க்க வேண்டும். சிஸ்டர் பின்னால் சந்து சந்தாக நடந்தபோது எனக்கு அந்த ஆய்வுதான் ஞாபகத்தில் இருந்தது.

அண்ணன் மறுபடியும் மாத்திரை ஆரம்பித்தார். அடுத்து பணம். காசநோயாளிக்குச் சத்துணவுக்காக மாதம் 500 ரூபாய் என்று இருந்ததை 2024 நவம்பரிலிருந்து 1,000 ஆக்கியிருக்கிறார்கள். நேராக வங்கிக் கணக்குக்கு வரும். அண்ணனுக்கு வரவில்லை. விசாரித்தால், கணக்கு பல வருஷமாகப் பயன்படுத்தாமல் முடங்கிக் கிடக்கிறது. ஆதாரில் ஒரு இனிஷியல், பாஸ்புக்கில் வேறு இனிஷியல். வங்கிக்குப் போக ஒரு நாள் கூலி போகும், அதனால் அவர் போகவில்லை. நான் முதலில் தனியாகப் போய் என்னென்ன காகிதம் வேண்டும் என்று எழுதி வாங்கி வந்தேன். எல்லாம் தயாரான பிறகு அவரை ஒரே ஒரு தடவை, காலையில் கவுண்டர் திறக்கிற நேரத்துக்குக் கூட்டிப்போனேன். மதியத்துக்குள் வேலைக்குத் திரும்பிவிட்டார். சில வாரம் கழித்து எனக்குப் போன் செய்து, வந்த மெசேஜைப் படித்துக் காட்டச் சொன்னார். பணம் விழுந்திருந்தது.

புதன்கிழமை தடுப்பூசி நாள், அன்றைக்கு எடை போடுவதிலும் அட்டை தேடுவதிலும் கை கொடுங்கள். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டம் 18,000 ரூபாய் மதிப்புள்ளது. அதில் 14,000 பணம், மீதி ஊட்டச்சத்துப் பெட்டகம். இதிலும் வங்கிக் கணக்கும் பெயர்ப் பொருத்தமும்தான் பாதி சிக்கல். பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போய்விட்ட பெண்கள் விட்டுப்போவார்கள், அவர்களைத் தேடுங்கள்.

கல்லூரி ஆசிரியர்கள் யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். ஒவ்வொரு வருஷமும் மாணவர்களைப் புது சர்வேயில் இறக்காதீர்கள். போன வருஷத்துப் பிள்ளை விட்ட இடத்திலிருந்து இந்த வருஷத்துப் பிள்ளை தொடரட்டும். மார்க்கை அதற்குக் கொடுங்கள்.

நான் கிளம்பும்போது முடியாமல் பதினொரு பேர் இருந்தார்கள். ஒரு நீள நோட்டில் ஆளுக்கு ஒரு பக்கம் எழுதினேன்: என்ன வேலை பாக்கி, எந்த நேரத்தில் வீட்டில் இருப்பார், யார் முன்னால் பேசக் கூடாது. அதை வீட்டுக்கு எடுத்து வரவில்லை. சிஸ்டர் மேசை இழுப்பறையில் பூட்டி இருக்கிறது.

இந்த வருஷம் அங்கே போகிற தங்கை போன வாரம் போன் செய்தாள். மூன்றாம் பக்கத்துப் பாட்டி வீட்டைக் கண்டுபிடிக்க முடியவில்லையாம். "எழுதிக்கினு போச்சுங்க" என்று சொன்னாரே, அதே பாட்டிதான். முதியோர் உதவித்தொகை மனு இன்னும் பாக்கி. மெட்ரோ வாட்டர் டேங்கைத் தாண்டி இரண்டாவது சந்து, பச்சைக் கதவு, நாலு மணிக்கு மேல் போ, பூ கட்டிக்கொண்டிருப்பார் என்று சொன்னேன்.