முறைக்காய்ச்சலும் ஒட்டுண்ணியின் பிளவும்

நெல்லை வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

ஓரணு உயிரி என்றதும் பள்ளிப் பாடத்தில் படித்த அமீபாதான் நம்மில் பலருக்கும் நினைவுக்கு வரும். உட்கரு இரண்டாகும், உடல் நடுவில் ஒடுங்கும், ஒன்று இரண்டாகிவிடும். ஒட்டுண்ணிகளிலும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ஜியார்டியா போன்றவை இரண்டிரண்டாகவே பெருகுகின்றன. மலேரியாவுக்குக் காரணமான பிளாஸ்மோடியத்தின் வழி வேறு. அது உட்கருக்களை முதலில் பெருக்கிக்கொண்டு, உடலைக் கடைசியில் ஒரே மூச்சில் பங்கிடுகிறது.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் காய்ச்சல்காரரின் விரல் நுனியில் குத்தி எடுத்த ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவி, ஜீம்சா சாயமேற்றி, நுண்ணோக்கியில் ஆயிரம் மடங்கு பெரிதாக்கிப் பார்த்தால், இந்தப் பங்கீட்டின் பல கட்டங்களையும் கண்ணாரக் காணலாம். சிவப்பணுவுக்குள் புதிதாகப் புகுந்த ஒட்டுண்ணி, செம்புள்ளி பதித்த நீல மோதிரம்போல் இருக்கும்; அந்தச் செம்புள்ளிதான் உட்கரு. வளர்ந்த பிறகு அந்த ஒற்றைச் செம்புள்ளி பலவாகிறது. உட்கருவின் உறை கலையாமலே, உடலும் பிளவுபடாமலே இது நடக்கிறது. ஒவ்வோர் உட்கருவும் பெரும்பாலும் தன்போக்கில் பிரிவதால், இரண்டு, நான்கு, எட்டு, பதினாறு என்ற ஒழுங்கான கணக்கை இங்கே எதிர்பார்க்க முடியாது. பிளாஸ்மோடியத்தில் ஒரு வகை வைவாக்ஸ்; முதிர்ந்த வைவாக்ஸ் ஒட்டுண்ணியில் ஏறத்தாழ 12 முதல் 24 வரை உட்கருக்கள் இருக்கும். இறுதியில் தாயணுவின் சவ்வு ஒவ்வோர் உட்கருவையும் சுற்றி உள்மடிந்து, எல்லாச் சேயணுக்களையும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் பிரித்துவிடுகிறது. ஹீமோகுளோபினைத் தின்றதில் மிஞ்சிய பழுப்பு நிறமி மட்டும் நடுவில் ஒதுங்கிக் கிடக்கும்.

வைவாக்ஸில் இதற்கெல்லாம் ஆகும் காலம் சுமார் 48 மணி நேரம். சேயணுக்கள் வெளியேறச் சிவப்பணுக்கள் கூட்டமாக வெடிக்கும்போதே குளிரும் நடுக்கமும் வருகின்றன என்பதை இத்தாலியரான கமில்லோ கோல்கி 1880-களிலேயே கண்டு சொன்னார். ஒருநாள் விட்டு ஒருநாள் காயும் முறைக்காய்ச்சலின் கணக்கு, ஒட்டுண்ணி பிளவுபடும் கணக்குதான். தொடக்க நாட்களில் எல்லா ஒட்டுண்ணிகளும் ஒரே கதியில் வளர்வதில்லை என்பதால் காய்ச்சலும் முறை தவறியே காயும். முறை இல்லையே என்று இரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடுவது ஆபத்து.

இந்தப் பங்கீட்டில் என்னை மிகவும் வியக்கவைப்பது அபிக்கோபிளாஸ்ட் என்னும் சிறு உறுப்பு. தனக்கெனச் சொந்த டி.என்.ஏ. கொண்ட இதை எந்தச் சேயணுவும் புதிதாக உண்டாக்கிக்கொள்ள முடியாது. தாயிடமிருந்தே பெற வேண்டும். ஆகவே உட்கருக்கள் பெருகும்போது இதுவும் நீண்டு, கிளைவிட்டு, துண்டாகி, சேய்க்கு ஒன்றாகப் போய்ச் சேருகிறது. டாக்சிசைக்ளின் மருந்து தாக்குவது இந்த உறுப்பைத்தான். மருந்து பட்ட தாயணு உடனே சாவதில்லை; வழக்கம்போல் சேய்களை ஈன்றுவிடுகிறது. பழுதுபட்ட உறுப்பைப் பெற்ற அந்தச் சேய்களே அடுத்த சுற்றில் மடிகின்றன. இதனால்தான் அம்மருந்தின் பலன் தாமதமாகத் தெரிகிறது. விரைந்து கேட்கும் வேறொரு மருந்தும் அதனுடன் தேவைப்படுகிறது.

நம் உவரி, கூடங்குளம் கடற்கரையிலிருந்து வெளியூர்க் கடலுக்குத் தொழிலுக்குப் போய்த் திரும்புவோர் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும். கொசு கடித்ததும் ஒட்டுண்ணி முதலில் சேர்வது கல்லீரலில். அங்கே ஒன்று ஆயிரக்கணக்காகப் பெருகிய பின்னரே இரத்தத்துக்கு வருகிறது. ஆனால் வைவாக்ஸில் சில, பிளவுபடாமல் கல்லீரலிலேயே உறங்கிவிடுகின்றன. இரத்தத்திலுள்ள ஒட்டுண்ணியைக் கொல்லும் குளோரோகுயின் இவற்றைத் தொடுவதில்லை. வாரங்களோ மாதங்களோ கழித்து இவை விழித்துப் பெருகினால், புதிய கொசுக்கடி இல்லாமலே காய்ச்சல் திரும்பும். உறங்குபவற்றைக் கொல்வதற்காகவே பிரைமாகுயின் தரப்படுகிறது. சிலருக்கு அது ஒத்துக்கொள்ளாது என்பதால் மருத்துவரே பார்த்துத் தர வேண்டும். அவர் 14 நாள் என்று எழுதித் தந்திருந்தால், மூன்றாம் நாளே காய்ச்சல் விட்டாலும், கடலுக்குப் போகிறவர்கள் மீதி மாத்திரைகளைக் கையோடு கொண்டுபோய் நாள் தவறாமல் சாப்பிட்டு முடிக்க வேண்டும்.

வணக்கம்.