உட்குழுக்களைப் பிரிக்கும்போது

வணக்கம் நேயர்களே.

"இந்த மருந்து ஆண்களுக்குக் கேட்டது, பெண்களுக்குக் கேட்கவில்லை" என்று ஓர் ஆய்வுச் செய்தி வந்தால் உடனே நம்பிவிடாதீர்கள். நோயாளரை வயது, பால், நீரிழிவு என்று உட்குழுக்களாகப் பிரித்துப் பார்க்கும் இடத்தில்தான் ஆராய்ச்சிகள் அதிகம் சறுக்குகின்றன.

1988இல் வெளியான ஐசிஸ்-2 ஆய்வில், மாரடைப்பு என்ற சந்தேகத்தில் அனுமதிக்கப்பட்ட 17,187 பேர் இருந்தார்கள். அஸ்பிரின் பெற்றவர்களில் ஐந்து வாரத்துக்குள் இதய, இரத்தக்குழாய்க் காரணங்களால் இறந்தவர்கள் 9.4 சதவீதம், வெற்று மாத்திரை பெற்றவர்களில் 11.8. மிகத் தெளிவான பயன். அதே தரவை ஆய்வாளர்கள் ராசிப்படியும் பிரித்தார்கள். நம் பஞ்சாங்க ராசி அல்ல, பிறந்த திகதியை வைத்துப் பார்க்கும் மேனாட்டு ராசி. மிதுனம், துலாம்காரருக்கு மட்டும் அஸ்பிரின் சற்றுத் தீங்கு செய்வதுபோல் வந்தது! தற்செயல் எவ்வளவு தூரம் ஏமாற்றும் என்று காட்டத்தான் அதையும் கட்டுரையில் சேர்த்தார்கள்.

மருந்தில் பயனே இல்லாவிட்டாலும், ஓர் உட்குழுவில் செய்யும் ஒரு புள்ளிவிவரச் சோதனையில், வழக்கமான அளவுகோலின்படி "பயன் உண்டு" என்று வர 5 சதவீத வாய்ப்பு இருக்கிறது. ஒன்றையொன்று சாராத 10 சோதனை செய்தால், ஒன்றிலாவது அப்படி வர வாய்ப்பு 40 சதவீதம். 20 செய்தால் 64.

இன்னொரு பிழை இதைவிடப் பரவலானது. ஆண்களில் ஆபத்து விகிதம் (மருந்து பெற்றவர்களின் ஆபத்தை மற்றவர்களின் ஆபத்தால் வகுத்தது; 1 என்றால் வித்தியாசமில்லை) 0.70, நம்பிக்கை ஆயிடை, அதாவது உண்மைப் பெறுமதி இருக்கக்கூடிய வீச்சு, 0.50 முதல் 0.98 வரை என்று வைப்போம். பெண்களில் 0.80; ஆயிடை 0.50 முதல் 1.28 வரை. முதலாவது 1ஐத் தொடவில்லை, இரண்டாவது தாண்டுகிறது. அதை மட்டும் பார்த்துப் பெண்களுக்குப் பயனில்லை என்று எழுதிவிடுகிறார்கள். ஒப்பிட வேண்டியது 0.70ஐயும் 0.80ஐயும். அந்த வித்தியாசத்தைச் சோதித்தால் பி பெறுமதி (உண்மையில் வித்தியாசமே இல்லாதபோதும் தற்செயலாக இவ்வளவோ இதற்கு மேலோ வரும் வாய்ப்பு) சுமார் 0.65, ஆண் பெண் வேறுபாட்டுக்கு ஆதாரமே இல்லை. இதுவே இடைத்தாக்கச் சோதனை. இது இல்லாத உட்குழு முடிவை நான் பொருட்படுத்துவதில்லை.

திருகோணமலை கோணேசபுரியில் சித்த மருத்துவம் பயிலும் மாணவர்களுக்கு இது மிக நெருக்கமான விடயம். வாதம், பித்தம், கபம் என்று உடல்வாகுப்படி பிரிப்பதற்கு முன்கூட்டியே ஒரு கோட்பாடு இருக்கிறது. ஆகவே அது நியாயமான கேள்வி. ஆனால் உடல்வாகைச் சிகிச்சை தொடங்கும் முன்பே, யாருக்கு எந்த மருந்து என்று அறியாத இரு வைத்தியர்கள் தனித்தனியே பார்த்துக் குறிக்க வேண்டும். குணமான பிறகு குறித்தால், குணமானதே கணிப்பைச் சாய்த்துவிடும். எண்ணிக்கையையும் பாருங்கள்: 120 பேரைச் சமமாக மூன்றாகப் பிரித்தால் 40, அதில் மருந்துக்கு 20, ஒப்பீட்டுக்கு 20. அங்கே ஒரே ஒருவர் குணமாவது 5 சதவீதத்தை மாற்றும். மொத்தப் பயனின் அளவுக்கே இரு உட்குழுக்களிடையே வித்தியாசம் இருந்தாலும், அதைக் கண்டுபிடிக்க ஏறத்தாழ நான்கு மடங்கு நோயாளர் தேவை.

எந்த உட்குழு, எந்தத் திசையில் வித்தியாசத்தை எதிர்பார்க்கிறோம் என்பதை, முதல் நோயாளரைச் சேர்க்குமுன் இலங்கை மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் எழுதிவிடுங்கள். இரண்டு மூன்றுக்கு மேல் வேண்டாம். பிறகு கண்ணில் பட்டதைத் தனியே, அடுத்த ஆய்வில் சோதிக்க வேண்டிய ஊகம் என்ற தலைப்பின் கீழ் வையுங்கள்.