தாவுல் ஆலயத்துச் சுவரோவியம்

நண்பர்களே, ஒரு நாயிலிருந்து தொடங்குகிறேன். பணக்காரன் வீட்டு வாசலில் லாசரு கிடக்கிறான். உடம்பெல்லாம் புண். ஒரு நாய் அவன் காலை நக்குகிறது. விவிலியம் படித்தவர்களுக்குத் தெரிந்த கதைதான். வரைந்தவர் பெயர்தான் யாருக்கும் தெரியாது.

இடம், ஸ்பெயினின் பிரனீஸ் மலையில் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் தாவுல் என்ற சிற்றூர். அங்கே ரோமனெஸ்க் என்ற இடைக்கால ஐரோப்பியப் பாணியில் கட்டிய புனித கிளமென்ட் ஆலயம். 1123 டிசம்பர் 10 அன்று ஆயர் ரமோன் அதைப் புனிதப்படுத்தி வழிபாட்டுக்கு அர்ப்பணித்தார். அந்தச் செய்தியை ஒரு தூணிலேயே வண்ணத்தால் எழுதி வைத்தார்கள்.

பீடத்துக்குப் பின்னால், அரைவட்ட மாடத்தில் கிறிஸ்து வீற்றிருக்கிறார். அகன்ற கண்கள், ஆசி தரும் வலக்கை, இடக்கையில் விரித்த புத்தகம். அதில் லத்தீனில் ‘நானே உலகின் ஒளி’. எழுத்தறியாத மலைமக்களுக்கு அந்தக் கண்களே போதுமானதாக இருந்திருக்கும். அப்புறம் அந்த நீலம்! பிரனீஸ் மலையிலேயே கிடைக்கும் ஏரினைட் என்ற கனிமத்தை அரைத்து எடுத்தது. சொந்த மண்ணின் நிறம்.

ஆனால் இன்று அந்த ஓவியம் பார்சிலோனா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. காரணம் உண்டு. முர் என்ற ஊரின் ஆலய ஓவியம் விலைபோய், அமெரிக்காவின் பாஸ்டன் அருங்காட்சியகத்துக்கே போய்ச் சேர்ந்தது. மற்றவையும் போய்விடுமே என்ற பதைப்பில், 1919 முதல் 1923 வரை மலை ஆலயங்களின் ஓவியங்களை உரித்தெடுத்தார்கள். வேலை செய்தவர்கள் இத்தாலியிலிருந்து வந்த கைதேர்ந்தவர்கள். துணியில் பசை தடவி ஓவியத்தின் மேல் ஒட்டுவார்கள். காய்ந்து இறுகியதும் மெல்ல இழுத்தால் வண்ணப்படலம் துணியோடு வந்துவிடும். அதைச் சுருட்டிக் கோவேறு கழுதைகளில் ஏற்றி மலையிறக்கினார்கள்.

செய்தது சரிதானா? சரி என்றே சொல்வேன். ஆனாலும், ஒரு ஊர் எண்ணூறு ஆண்டுகள் அண்ணாந்து பார்த்து வணங்கிய முகத்தை எடுத்துப் போனால் அந்த ஊருக்கு வலிக்கத்தான் செய்யும்.

பல ஆண்டுகள் அங்கே ஒரு நகல் இருந்தது. பிறகு அதை அகற்றி, சுவரில் மிஞ்சியிருந்த மூல ஓவியத் துண்டுகளை வெளிக்கொணர்ந்தார்கள். 2013 முதல் அதே மாடத்தில் அந்த ஓவியத்தைப் படவீழ்த்தியால் ஒளியாகப் பாய்ச்சிக் காட்டுகிறார்கள். வெற்றுச் சுவரில் கோடு கோடாக, நிறம் நிறமாக அந்தக் கிறிஸ்து எழுந்து வருகிறார்.

பார்சிலோனா போகிறவர்கள் தாவுலுக்கும் ஒரு நாள் ஒதுக்குங்கள். அருங்காட்சியகத்தில் அந்த நாயைத் தேடிப் பார்க்கவும் மறந்துவிடாதீர்கள்.