1956-இல் கோடு வேறு பக்கம் விழுந்திருந்தால்?

[திரையில்: 1950-களின் தென்னிந்திய வரைபடம். சென்னை மாநிலமும் திருவிதாங்கூர்-கொச்சியும் இரு நிறங்களில்.]

1956 நவம்பர் 1. மொழிவாரி மாநிலங்கள் பிறந்த அன்று இரண்டு பகுதிகள் தலைநகரை மாற்றிக்கொண்டன. சென்னையின் கீழ் இருந்த மலபார் மாவட்டம் திருவனந்தபுரத்துக்குப் போனது. அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு திருவிதாங்கூர்-கொச்சித் தாலுகாக்கள் சென்னைக்கு வந்து கன்னியாகுமரி மாவட்டமாயின.

எல்லை மாறியிருந்தால் எந்த ஊர் செழித்திருக்கும் என்று பலரும் கற்பனையில் கணக்குப் போடுகிறார்கள். இந்த இரண்டு இடங்களிலும் அந்தச் சோதனை உண்மையாகவே நடந்திருக்கிறது.

[திரையில்: மலபார் பெரிதாகிறது.]

மலபார், பரந்து கிடந்த சென்னை மாகாணத்தின் ஒதுக்குப்புற மாவட்டம். படிப்பில் திருவிதாங்கூரைவிடப் பின்தங்கியிருந்தது. அங்கேயோ 1817-லேயே ராணி கௌரி பார்வதி பாய், கல்விச் செலவை அரசு ஏற்கும் என்று ஆணையிட்டிருந்தார். கேரளத்தில் சேர்ந்த பிறகு மலபாருக்குப் பள்ளிகள் வந்தன, 1968-இல் கோழிக்கோடு பல்கலைக்கழகமும் வந்தது. பழைய மலபாரைச் சேர்ந்த மலப்புரத்தில் 2011 கணக்கெடுப்பின்படி எழுத்தறிவு 93.57 சதவீதம், கேரளத்தின் சராசரிக்கு ஒட்டி வந்துவிட்டது.

அப்படியானால் கேரளத்தை விட்டு வந்த கன்னியாகுமரி சரிந்திருக்க வேண்டுமே? இல்லை. அதே கணக்கெடுப்பில் 91.75 சதவீதத்துடன் தமிழ்நாட்டிலேயே முதலிடம். திருவிதாங்கூர் அரசும் கிறித்தவ மிஷன்களும் நட்டுவைத்த பள்ளிகள் வரைபடத்தோடு இடம் மாறவில்லை. வந்து சேர்ந்த இடத்திலும் காமராஜர் ஆட்சி பள்ளிகளைத் திறந்துகொண்டிருந்த காலம் அது. பின்தங்கிய இடம் புதிய தலைநகரின் கவனத்தால் ஏறியது. முந்திய இடம் பழைய முதலீட்டை இழக்கவில்லை. பள்ளிக்கூடத்தைப் பொறுத்தவரை, எல்லைக்கோட்டின் மீது நாம் ஏற்றிவைக்கும் பழியும் பெருமையும் கொஞ்சம் அதிகம்தான் என்பேன்.

தண்ணீர் விஷயத்தில் அப்படிச் சொல்ல முடியாது.

[திரையில்: நெய்யாறு அணை, இடதுகரைக் கால்வாய், விளவங்கோடு.]

நெய்யாறு பாசனத் திட்டம் தீட்டப்பட்டபோது அணையும் விளவங்கோடும் ஒரே மாநிலத்தில் இருந்தன. கோடு விழுந்ததும் அணை கேரளத்தில், கால்வாயின் கடைமடை தமிழ்நாட்டில். அதன் பிறகும் தண்ணீர் வந்துகொண்டுதான் இருந்தது. 2004-இல் கேரளம் நிறுத்தியது. நெய்யாறு மாநிலங்களுக்கிடையிலான ஆறே இல்லை என்பது அதன் வாதம். 2012-இல் தமிழ்நாடு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. மதகை யார் திறப்பது என்ற ஒரு கேள்விக்காக ஒரு தாலுகாவின் வயல்கள் டெல்லியைப் பார்த்துக் காத்திருக்கின்றன.

[திரையில்: தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்கள்.]

இனி நடக்காத கதைக்கு வருவோம். தமிழர்கள் நிறைந்த தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்கள் தமிழகத்தோடு சேர வேண்டும் என்று கன்னியாகுமரிக்காகப் போராடியவர்களே போராடினார்கள். மாநில எல்லைகளைப் பரிந்துரைத்த பசல் அலி ஆணையம் மறுத்தது. அங்கிருந்த தமிழரில் பலர் தேயிலைத் தோட்ட வேலைக்குப் போனவர்கள் என்றும், அந்த மலைகள் திருவிதாங்கூர்-கொச்சியின் பொருளாதாரத்துக்கு முக்கியம் என்றும் கருதியது. பள்ளிவாசல் நீர்மின் நிலையம் 1940 முதல் ஓடிக்கொண்டிருந்த தாலுகாவை அவர்கள் எளிதில் விட்டுக்கொடுப்பார்களா?

கிடைத்திருந்தால்? முல்லைப் பெரியாறு அணை முழுக்கத் தமிழக மண்ணில் நின்றிருக்கும். 1886-இல் அணைக்கான நிலத்துக்காகத் திருவிதாங்கூரோடு 999 ஆண்டுகளுக்கு எழுதப்பட்ட குத்தகை காகிதமாகிப்போயிருக்கும். இன்று தமிழகப் பொறியாளர்கள் தேக்கடியில் படகேறி, தங்கள் மாநிலம் இயக்கும், ஆனால் வேறொரு மாநிலத்தில் நிற்கும் அணைக்குப் போகிறார்களே, அந்த விசித்திரமும் இருந்திருக்காது. தேனிக்கும் மதுரைக்கும் போகும் தண்ணீரை அணையில் 142 அடி வரை தேக்குவதா, 152 அடி வரையா என்ற வழக்கு இந்த வடிவில் வந்திருக்காது.

சண்டை மட்டும் ஓய்ந்திருக்காது. பெரியாறு பீர்மேடு தாலுகா வழியே இறங்கித்தான் இடுக்கி நீர்த்தேக்கத்தில் சேர்கிறது. 1976-இல் தொடங்கிய 780 மெகாவாட் மூலமட்டம் மின் நிலையத்தைச் சுழற்றுவது அந்த நீர்த்தேக்கம்தான். மேலே தமிழகம் கூடுதலாக ஓர் அணை கட்டியிருந்தால், மனுதாரர் இடத்தில் கேரளத்தின் பெயர் இருந்திருக்கும்.